என் மகள் கன்னியாஸ்திரீ ஆகவில்லை

சேசு மரி சூசை துணை

சேலம்,
6 ஆகஸ்ட் 1961

இங்கிலாந்து தேசத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் மூத்த மகள் ஜெபமலருக்கு, அப்பா தோமினிக் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனசுக்கு ஒருவரும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே உனக்குச் சோறு கிடைக்கிறதா என்று அறிய உன் அம்மா ஆவலாக இருக்கிறாள். எப்போது கிளம்புகிறாய் என்று அறிய நான் ஆவலாக இருக்கிறேன்.

நீ கப்பலேறிய நாளிலிருந்து, கேட்டவர்களிடமெல்லாம் நான் உண்மையைத்தான் சொல்லி வருகிறேன். மகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், ஸ்காலர்ஷிப்பில் கோடைகால வகுப்புக்குப் போயிருக்கிறாள், அறுநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் பாட்டுகளைப் படிக்கிறாள் என்றுதான் சொல்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. கோடைதான் மே மாதத்தோடு முடிந்துவிட்டதே, ஆகஸ்டில் என்ன கோடை என்கிறார்கள். அந்த இங்கிலீஷ் வெள்ளைக்காரனுக்கே புரியாதாமே, அதைக் கேட்கச் சேலத்திலிருந்து ஒரு பெண்ணா என்று சிரிக்கிறார்கள். நம் கோவில் பங்கிலிருந்து இதுவரை சீமைக்குப் போனவர்கள் சாமியாருக்குப் படிக்கப் போனவர்களும் மடத்தில் சேரப் போனவர்களும்தான். கல்யாணமாகாத பெண் வேறு எதற்குப் போவாள்? ஆகவே நீ கன்னியாஸ்திரீ ஆகப் போயிருக்கிறாய் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

கோவில் உபதேசியார் சவரியார் கடைக்கே வந்து, "அதென்ன பாட்டுங்க?" என்று விசாரித்தார். பழைய பாட்டு, அதில் மாதாவைப் பற்றிக்கூட நிறைய உண்டாம் என்று நீ சொன்னதை அப்படியே சொல்லிவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசையில், நம் பங்கிலிருந்து தேவ அழைத்தல் பெற்ற ஜெபமலருக்காக எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். நானும் நின்றேன். எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது நான் மட்டும் எழுந்து நின்று சண்டை போட முடியுமா?

அன்று மாலையே உன் அத்தை வேளாங்கண்ணி வீட்டுக்கு வந்தாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து மாம்பழ நிறப் பட்டுச் சேலையையும் நீலச் சேலையையும் எடுத்துக்கொண்டாள். "இனி அவளுக்கு வெள்ளைதானே அண்ணா, பூச்சி அரிச்சு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ரிக்‌ஷா தெருமுனையைத் தாண்டிவிட்டது. சைக்கிள் கடையிலும் நிம்மதி இல்லை. பங்க்சர் ஒட்ட வருகிறவன் பீடியை வாசலில் போட்டு மிதித்துவிட்டு, கைகட்டிக்கொண்டு உள்ளே வருகிறான். பம்பு வேலை செய்யவில்லை என்று நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னால், நீங்களே இப்படிப் பேசலாமா என்கிறான். ஐம்பத்தாறு வயதுக்கு மேல் என்னால் புதிதாக நல்லவனாக முடியாது.

சரி, எல்லோர் வாயையும் அடைக்கலாம் என்று நீ அனுப்பிய போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். காலேஜ் என்று நீ எழுதியிருந்தாய். பார்க்கிறவர்களுக்கு அது கோவிலாகத்தான் தெரிகிறது. காலேஜைக் கோவில் மாதிரி கட்டச் சொல்லி யார் அழுதது? நீ குளிருக்காகக் கறுப்புக் கோட்டு போட்டு, தலையில் துணி கட்டியிருக்கிறாய். போதாததற்கு உன் பக்கத்தில் ஐரிஷ்காரக் கன்னியாஸ்திரீ ஒருத்தி நிற்கிறாள். உன் வகுப்புத்தோழி என்று சொன்னேன். போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் போகட்டும். திருச்செங்கோட்டுச் சம்பந்தம் போய்விட்டதே, அதற்கு என்ன செய்ய? மில்லில் சூப்பர்வைசர், ஒரே பையன், சின்னப்பராஜ் என்று லட்சணமான பெயர். நீ திரும்பி வந்ததும் கோவிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்று இருந்தேன். போன வாரம் அவன் தாயார் மதலேனம்மாள் வந்து வாசலிலேயே நின்றார். "சாமிக்குன்னு குறிச்ச புள்ளைய நாங்க கேட்டதே பாவமுங்க. மன்னிச்சுப்போடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

இத்தனை பேர் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது அம்மா. உன் மனசில் மெய்யாகவே அந்த எண்ணம் இருந்தால் எழுது. அப்பா அழுவேன், ஆனால் குறுக்கே நிற்க மாட்டேன். இல்லையென்றால் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கப்பலிலேயே கிளம்பு. அறுநூறு வருஷம் காத்திருந்த பாட்டு இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கும், மாப்பிள்ளை காத்திருக்க மாட்டான். பங்குச் சாமியாரைப் பிடித்து இன்றைய பூசையில் உண்மையைச் சொல்ல வைத்திருக்கிறேன். நீயும் நேரில் வந்து நின்றால்தான் காரியம் நடக்கும்.

உன் அம்மாவின் முத்தமும் தம்பி தங்கைகளின் அன்பும் உனக்கு உரித்தாகுக. ஆரோக்கியமாதா உன் கூடவே இருந்து, உனக்குப் புத்தியும் கம்பளியும் தருவாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
தோமினிக்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மதலேனம்மாளே மகனோடு வந்துவிட்டார். இன்று நம் கோவில் பூசைக்கு வந்திருந்து, சாமியார் சொன்னதைக் கேட்டாராம். எல்லாம் சம்மதம், ஒன்றே ஒன்றுதான் என்றார். "படிச்சது போதுமுங்க. இனி வேலையும் வேண்டாம், அந்தப் பாட்டுப் பொஸ்தகமும் எங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க." பையன் முகத்தைப் பார்த்தேன். அவன், "ஆமாங்க, சோறாக்குறதுக்குப் பாட்டு எதுக்குங்க?" என்றான். உன் அம்மா கொண்டுவந்த காப்பியை அப்படியே உள்ளே எடுத்துப் போய்விட்டாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்று, "சாமியாருக்கு விஷயம் தெரியாது. என் மகள் மடத்தில் சேர்ந்தாயிற்று" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகவே நீ பதறிக்கொண்டு கிளம்பாதே. பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் முடித்துவிட்டு நிதானமாக வா. பொய் சொன்னதற்கு நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்த பாவத்துக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படாமல் போனால் அது செல்லாது. எனக்கு இன்னும் மனஸ்தாபம் வரவில்லை. வந்ததும் போகிறேன்.