நூவோவைத் தூக்கு

கறுத்துப்போன கணினித் திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் ரப்பர். மற்றவர்கள் "ஐயோ போச்சே" என்று தலையில் கை வைக்கும்போது, அவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னாங்க, என்னா பண்ணுது உங்களுக்கு?" என்று திரையிடம் நலம் விசாரிப்பார். மௌஸைக்கூட அவர் 'ங்க' போடாமல் நகர்த்தியதில்லை.

சுனாமிக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழித்து, காரைக்கால் கடற்கரை முழுவதையும் அளந்து வரைபடம் போடும் வேலையை எடுத்திருந்த சின்னத் தனியார் ஆபீஸ் எங்களுடையது. மேனேஜர் என்ற பெயரில் நான் இருந்தேன். படம் போடச் செல்வி என்ற பெண். ஐந்து கணினிகள், ஐந்திலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அவற்றுக்கு நோய் வந்தால் பார்க்க, நெடுங்காட்டிலிருந்து மொபெட்டில் வரும் ரப்பர்.

பெயர் வைத்தவள் செல்வி. எங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு இரும்பு, பித்தளை, மனிதன் என்ற பேதமெல்லாம் கிடையாது. உப்பு எல்லாவற்றிலும் ஏறும். கணினிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டிலும் ஏறும். திரையில் படம் காட்டுவது அந்த அட்டைதான். நம்மவர் அதைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் தேய் தேயென்று தேய்ப்பார். சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, ரப்பர் இல்லாத நாள் கிடையாது. ஒருநாள் செல்வி, "ரப்பர் சார், டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்து, "சக்கரை கம்மியா" என்றார். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

தேய்த்தும் படம் வராவிட்டால் டிரைவர் கோளாறு என்று அர்த்தம். டிரைவர் என்றதும் லாரியை நினைக்க வேண்டாம். கார்டோடு பேசத் தெரிந்த ஒரு மென்பொருள் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். அது மக்கர் செய்தால் கணினி உயிரோடுதான் இருக்கும், திரை மட்டும் கறுப்பாக நிற்கும். அப்போது ரப்பர் பெட்டியின் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "உள்ள நல்லா ஏறிட்டாரு சார். படம்தான் வரல." பிறகு ஒன்றுமே தெரியாத திரையைப் பார்த்தபடி விசைப்பலகையில் மடமடவென்று தட்டுவார். ஒரு தடவை பத்து நிமிஷம் அப்படி இருட்டில் தட்டி, ஓர் எழுத்துப் பிசகாமல் படத்தை வரவழைத்தார். செல்வி எழுந்து நின்று கை தட்டினாள். நானும் தட்டினேன், உட்கார்ந்தபடி. மேனேஜர் அல்லவா.

காரணம் தெரியாமல் எதையும் சரி செய்யமாட்டார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய இம்சை. ஒருமுறை என் திரை படத்தைக் குறுக்கே சாய்த்துக் காட்டத் தொடங்கியது. "திருப்பி விடுங்க ரப்பர்" என்றேன். "திருப்பிடலாம் சார். ஏன் சாஞ்சாருன்னு தெரியாம திருப்புனா நாளைக்கு மறுபடி சாய்வாரு. லாகு படிக்கணும்" என்றார். லாகு என்பது கணினி தான் செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் குறிப்பு. அதை அவர் மனசுக்குள் படிக்கமாட்டார். எழுந்து நின்று, மாதா கோயிலில் வேதாகமம் வாசிப்பதைப் போல ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு வாசிப்பார். இரண்டு நாள் வாசித்தார். அந்த இரண்டு நாளும் நான் தலையைச் சாய்த்துக்கொண்டே கடிதம் அடித்தேன். மூன்றாம் நாள் திரை நிமிர்ந்தது, என் கழுத்து நிமிரவில்லை.

இன்னொரு தடவை, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, வெளிநாட்டில் டிரைவர் எழுதும் ஒருவருக்கு இரண்டு பக்கத்துக்கு மெயில் போட்டார். மறுநாள் பதில் வந்தது. 'லாகை அனுப்பவும்.' அவ்வளவுதான், ஒரே வரி. அதை அச்செடுத்து, லேமினேட் செய்து, தன் மேஜைக்கு மேலே மாட்டிவைத்தார். "பெரிய மனுசனுக்கு அழகு பாத்தீங்களா சார், ஒரு வார்த்தை வீணா பேசல" என்றார்.

இனிமேல் என் கதை. எங்கள் வீட்டில் பெரியப்பா பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர். நானும் பள்ளியில் பிரெஞ்சு எடுத்து, மூச்சு வாங்கிப் பாஸ் செய்தவன். காரைக்காலில் அலட்டிக்கொள்ள அது தாராளமாகப் போதும். ரப்பர் தமிழ் மீடியம். இங்கிலீஷ் எழுத்து தப்பாகிவிடும் என்ற கூச்சத்தில் எல்லாக் குறிப்பையும் தமிழிலேயே எழுதி மானிட்டரில் ஒட்டுவார். ஒருநாள் ஒரு துண்டுத்தாளில் ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டு வந்து, "இதை எப்படி சார் வாசிக்கிறது? நான் நொவ்வியூன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.

நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். "நூவோ. பிரெஞ்சு வார்த்தை. புதுசுன்னு அர்த்தம்."

"நூவோ" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. வாத்தியாராக இருப்பதே போதும் என்றிருந்தது.

அந்த வருஷம் அவருக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. முப்பத்துநாலு வயது. அதற்கு முன் வந்த இடமெல்லாம் "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?" என்ற கேள்வியிலேயே நின்றுபோயிருந்தது. கார்டை ரப்பரால் தேய்க்கிறார் என்று எந்தத் தரகர் சொல்வார்? விழிதியூரில் ஒரு விவசாயக் குடும்பம். பெண்ணுக்கு இவரைப் பிடித்திருந்தது, இவருக்குப் பெண்ணை ரொம்பவே பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா மட்டும், "ஆபீஸுக்கு வந்து ஒரு எட்டு பாத்துட்டா மனசு திருப்தியாயிடும்" என்றாராம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ரப்பர் ஒரு வாரம் மெனக்கெட்டு, ஒரு கணினியில் கார்டு கம்பெனியின் டிரைவரைப் புதிதாகப் போட்டு, கருக்களாச்சேரியிலிருந்து கடற்கரை முழுக்க முப்பரிமாணத்தில் சுழல்கிற மாதிரி தயார் செய்தார். பிறகு அக்கா குழந்தைக்குக் காதுகுத்து என்று இரண்டு நாள் லீவில் போனார். போகும்போது அந்த மானிட்டரில் ஒரு குறிப்பு ஒட்டினார். 'படம் சரியா வரலைன்னா நூவோவைத் தூக்கு. அப்புறம் ரீஸ்டார்ட்.'

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கணினி முன்னால் போய் உட்கார வேண்டிய அவசியம் எனக்கு எள்ளளவும் இல்லை. கை சும்மா இருக்கவில்லை. 'புது அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றலாமா?' என்று திரை கேட்டது. மேனேஜரிடம் அனுமதி கேட்கிறதே என்ற பூரிப்பில் சரி என்று அழுத்தினேன். ஏற்றி முடித்துக் கணினி மறுபடி ஓடத் தொடங்கியபோது திரை முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. குறிப்பைப் பார்த்தேன். நூவோவைத் தூக்கு. நூவோ என்றால் புதுசு. போன வாரம் புதுசாகப் போட்டது எது? கம்பெனி டிரைவர்.

"சார், வேணாம் சார். அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவோம்" என்றாள் செல்வி.

"எனக்குப் பிரெஞ்சு தெரியும் செல்வி" என்றேன்.

இன்றைக்கும் தனியாக இருக்கும்போது அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. கம்பெனி டிரைவரைத் தூக்கினேன். அதன் ஃபைலையும் தேடிப்பிடித்து அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். திரை கறுத்தது. மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நூவோ என்பது அப்டேட்டோடு தானாக வந்து ஏறும் இன்னொரு டிரைவரின் பெயர் என்றும், அதுவும் கம்பெனி டிரைவரும் சேர்ந்து ஏறினால் அடித்துக்கொள்ளும் என்றும், அதனால்தான் அதைத் தூக்கச் சொல்லியிருந்தார் என்றும் எனக்கு எப்படித் தெரியும்? நான் புதுசைத் தூக்கினேன். கணினியோ அந்தப் புதுசைத் தேடிக்கொண்டு நின்றது.

காலையில் சீக்கிரம் வந்துவிடுவார், காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் பஸ் ஸ்டாண்டில் போய் அவர்களை அழைத்துக்கொண்டு, சரியாகப் பதினோரு மணிக்கு நேராக உள்ளே வந்தார். தேய்த்த முழுக்கைச் சட்டை. கூடப் பெண்ணின் அப்பா, அவருடைய மைத்துனர்.

"இதுதாங்க என் வேலை. நம்ம கடக்கரை பூரா இதுக்குள்ள இருக்குங்க" என்று சொல்லி மானிட்டரைப் போட்டார். கறுப்பு.

"கரண்டு இல்லீங்களா?" என்றார் மைத்துனர். தலைக்குமேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

ரப்பர் பழக்கதோஷத்தில் பெட்டியில் காதை வைத்தார். "உள்ள ஏறிட்டாருங்க. படம்தான் வரல."

"யாரு ஏறுனது?" என்று மைத்துனர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

ரப்பர் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. என் பக்கம் திரும்பி, "சார், டிரைவரைக் காணுமே. யாராச்சும் தொட்டீங்களா?" என்றார்.

"டிரைவரு வேற வச்சிருக்காங்களா? எங்க போனாரு?" என்று மைத்துனர் வாசலைப் பார்த்தார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். நான்தான் தொட்டேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். என் வாயில் வந்தது வேறு.

"என்னய்யா, என்னையக் கேக்குற? இதைப் பாத்துக்கத்தான உன்னை வச்சிருக்கு? ரெண்டு நாளு லீவைப் போட்டுட்டுப் போயிட்டு, வந்து கதை சொல்றியா நீ?"

மூன்று வருஷத்தில் நான் அவரை ஒரு தடவைகூட 'நீ' என்றதில்லை. அவர் கை விசைப்பலகைமேல் இருந்தது. "இல்ல சார்... சரி சார். நான் பாத்துக்கறேன் சார்" என்றார். வந்தவர்கள் நாங்கள் வாங்கிவைத்திருந்த கலர் சோடாவைப் பாதி குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு ரப்பர் லாகைத் திறந்தார். வாய்விட்டு வாசிக்காமல் அவர் லாகு படித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். டிரைவரைத் திரும்ப இறக்கி, ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடற்கரை அழகாகச் சுழன்றது. பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் பஸ் ஏறியிருந்தார்கள். பிறகு அவர் தன் குறிப்பை உரித்தெடுத்து, அடியில் 'நூவோ என்பது டிரைவர் பெயர்' என்று எழுதி மறுபடியும் ஒட்டினார். "என் தப்புதான் சார். வெளக்கமா எழுதிருக்கணும்" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சீ என்று இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இடம் சரிப்படவில்லை என்று நாலு நாளில் தகவல் வந்தது. ரப்பர் வழக்கம்போல வந்தார், கார்டு தேய்த்தார், தேய்த்த கார்டையே மறுபடி எடுத்துத் தேய்த்தார். செல்வி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆபீஸ் போனில் யாரிடமோ, "இல்லக்கா, எங்க சாருக்குப் பிரெஞ்செல்லாம் தெரியும்" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். பத்து நாள் அப்படி ஓடியது. அதற்கு மேல் தாங்காமல் ஒரு மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விழிதியூர் போனேன்.

பெண்ணின் அப்பா களத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். டிரைவரை எடுத்தது நான், அழித்தது நான், பழியைப் போட்டதும் நான்.

அவர் ஊசியைச் சாக்கில் குத்திவைத்தார். "அந்தப் பொட்டியில படம் வராததுக்கெல்லாம் நாங்க ஒண்ணும் நெனைக்கலீங்க. எங்க போர் மோட்டாரு வாரத்துக்கு ரெண்டு தரம் நின்னு போவுது. நீங்க 'நீ'ன்னீங்க பாருங்க, அதாங்க. எங்களை வச்சுக்கிட்டே அப்படிப் பேசுறாங்களே, ஆளில்லாதப்ப என்னா பாடு படுத்துவாங்களோன்னு பட்டுச்சு. மரியாதையில்லாத எடத்துல ஒழைக்கிறவருக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நாளைக்கு நாம வருத்தப்படக் கூடாதுன்னுட்டா எம் பொஞ்சாதி."

நான் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

"அவரும் வந்தாருங்க, போன செவ்வாக்கெழம. பொண்ணு கேக்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். 'எனக்குக் குடுக்காட்டி பரவால்லீங்க, எங்க சாரைத் தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு யாரையும் அப்படிப் பேசுறவரு கெடையாது, அன்னைக்கு மனசு சரியில்ல'ன்னாரு. மோரு குடுத்தோம், குடிக்காமப் போயிட்டாரு."

"இப்பவாச்சும் நீங்க..." என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கெழம பரிசம் போட்டாச்சுங்க. வேற எடம்" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

திரும்பி வந்தபோது ரப்பர் ஒரு கணினியின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு எதிரில் நானும் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"விழிதியூர் போயிருந்தேன். நான்தாங்க தூக்குனேன், அந்த டிரைவரை."

"தெரியும் சார்" என்றார் கார்டைப் பார்த்துக்கொண்டே. "லாகுல இருந்துச்சு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கார்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"அதுக்கு ஏன் சார் இந்த வெயில்ல போனீங்க?" என்றார்.

என் கூடப் பிறந்தவர்கள் யாரும் இதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.