கேட்டுக்காரர் ஓடிய இருபத்தொரு கிலோமீட்டர்

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு நின்றுபோன படிப்பு. எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு மனிதரைப் பற்றி யாராவது எழுத வேண்டும். எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லாததால் நானே எழுதுகிறேன்.

தர்மபுரி ஜில்லாவிலேயே ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றவரும் எங்கள் எதிர்வீட்டுக்காரர்தான், அந்தக் கணக்கை ஈடுகட்ட ஓடியவரும் அவர்தான். மொரப்பூர் பக்கத்தில் ரயில்வே கேட்டில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். வண்டி வந்தால் கேட்டைச் சாத்துவார், போனால் திறப்பார், நடுவில் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் கேட்டுக்காரர்.

எங்கள் தெருவில் பதினோரு வீடு. எல்லோரும் ஓசூர், திருப்பூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். பொங்கலுக்கு வந்து பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவார்கள். ஆள் இருப்பது இரண்டே வீட்டில். ஒன்று என் வீடு, அதற்கு நேர் எதிரே அவர் வீடு. அவர் மனைவி தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசியது இவ்வளவுதான்:

"தண்ணி வந்துச்சுங்களா அக்கா?"

"வந்துச்சுங்க."

சில நாள் தண்ணீர் வராது. அன்றைக்குப் பேச்சு கொஞ்சம் நீளும்.

"வல்லீங்களா?"

"வல்லீங்க."

சர்க்கரை வியாதி என்று டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். நடந்தால் ஒரு மணி நேரம் ஆகிறது, ஓடினால் அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இவர் ஓட ஆரம்பித்தார். சீக்கிரம் வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறார் என்று அவர் யோசிக்கவில்லை. வந்து கதவைத் திறப்பார், உள்ளே எட்டிப் பார்ப்பார், மறுபடியும் சாத்திவிட்டு இன்னொரு முறை ஓடப் போய்விடுவார். அப்படித்தான் ஓட்டம் நீண்டது.

ஓடும்போது ரயில்வே சட்டையைத்தான் போட்டுக்கொள்வார். பாக்கெட்டில் பேனா. இடது கையில் பச்சைக் கொடி, இடுப்பில் சொருகிய சிவப்புக் கொடி. எதிரே மாடு வந்தால் சிவப்பு. மாடு நிற்காது, இவர் நிற்பார். பின்னால் மொபெட் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி, நெட்டுக்குத்தாக நின்று, பச்சை காட்டி அனுப்பிவிட்டுத்தான் மேலே ஓடுவார். பால்காரர் தினமும் கத்துவார்.

"யோவ், நான் என்ன எக்ஸ்பிரஸ்ஸா? நீ பாட்டுக்கு ஓடுய்யா!"

"நீங்க போங்க, லைன் கிளியரா இருக்குது."

நாய்களுக்கும் அதே மரியாதைதான். துரத்தி வரும் நாய்க்குப் பச்சைக் கொடி காட்டினால் அது என்ன செய்யும்? கொஞ்ச நேரம் குழம்பிப்போய் நின்று, அவமானப்பட்டதுபோல் திரும்பிவிடும்.

ஒருநாள் வத்தல்மலை அடிவாரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மேலே ஓடியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நின்று, மேலே போகும் வண்டி, கீழே வரும் வண்டி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் போனதில் உச்சி வெயில் வந்துவிட்டது. மயங்கி உட்கார்ந்துவிட்டார். மலைக்காரர்கள் சாமைச் சோறு போட்டு, சாமை மூட்டை ஏற்றிய ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக இறக்கிவிட்டார்கள். அந்தச் செய்தி எப்படியோ பெங்களூருக்குப் போய்விட்டது.

பெங்களூரில் அவர் மகன் இருக்கிறார். ஒன்பதாவது மாடியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினார். வாசலில் நின்று அவர் போட்ட சத்தம் எனக்கு அடுப்படி வரை கேட்டது.

"போதும்ப்பா. வூட்டப் பூட்டு. என்கூட வந்துரு."

"வந்து?"

"வந்து இருக்கறதுதான். லிஃப்ட் இருக்குது, பார்க் இருக்குது."

"ஒம்போதாவது மாடியில நின்னு யாருக்குடா கொடி காட்டறது?"

ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து ஓட்டப் பந்தயம் ஒன்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் கிளம்பி, ரயில்வே கேட் தாண்டிப் போய், திரும்பி அங்கேயே வந்து சேர வேண்டும். இருபத்தொரு கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் கணக்கு. அதற்குள் ஓடி முடித்துவிட்டால் அப்பா இங்கேயே இருக்கலாம், மகன் வாயே திறக்க மாட்டார். முடிக்காவிட்டால் அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர்.

நான் அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பதினோரு வீட்டில் பத்து பூட்டு தொங்கினால் தெரு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குச் சோற்றில் ஏகப்பட்ட கல்.

மறுநாளே கேட்டுக்காரர் பந்தயம் நடத்தும் பையன்களிடம் போய் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். இதைப் பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"தம்பி, வழியில கேட்டு இருக்குதே, வண்டி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"டைம்டேபிள் பாத்துட்டோம் பெரியவரே. காலையில அந்த நேரத்துக்கு ஒரு வண்டியும் இல்ல."

"சரக்கு வண்டிக்கு ஏதுங்க தம்பி டைம்டேபிள்?"

அவர்கள் சிரித்துவிட்டு, பந்தயத்துக்குப் பேர் எழுதும் பாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பாரத்தோடு அவர் என் வாசலுக்கு வந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவை. நான் பயந்தே போனேன்.

"அக்கா, உங்க போன் நம்பர் வேணுங்க."

"எதுக்குங்க?"

"நான் வுழுந்துட்டா சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமாம்."

"உங்க மவன் நம்பர் இருக்குதுங்களே."

"அவனுக்குச் சொன்னா ஒடனே காரெடுத்துக்கிட்டு வந்துருவான். வுழுந்தா வுழுந்துட்டுப் போறான்னு இருக்கற ஆளாப் பாத்து எழுதணும்."

நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். போகவில்லை.

"இன்னொரு கட்டம் இருக்குதுங்க. உறவுன்னு போட்டிருக்குது."

இரண்டு பேரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. நான் போய் நிறுத்தவில்லை. கடைசியில் அவர் பேனாவை உதறி 'எதிர்வூடு' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினேன்.

பந்தய நாள் காலையில் அவர் கிளம்பும்போது நல்லபடியாக ஓடிவிட்டு வாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். முந்தின நாளே மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். அவர் வெளியே வந்ததும், "தண்ணி வந்துச்சுங்க" என்றேன்.

"சரிங்க," என்று போய்விட்டார்.

ஆறு மணிக்குப் பந்தயம் ஆரம்பம். ஏழே கால் சுமாருக்கு என் போன் அடித்தது.

"மேடம், எதிர்வூடுங்களா?" கேட்டுப் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க நின்ற ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"ஆமாங்க. வுழுந்துட்டாருங்களா?"

"வுழலீங்க. நிக்கறாரு. கேட்டு சாத்திட்டாங்க, சரக்கு வண்டி போவுது. இப்படியே குனிஞ்சு பூந்து போயிரலாம்னு பதினஞ்சு பேரு நிக்கறாங்க, இவரு ஒருத்தரையும் வுட மாட்டேங்கறாரு. செவப்புக் கொடிய நீட்டிக்கிட்டு குறுக்கால நிக்கறாரு. எல்லாரும் திட்டறாங்க மேடம்."

"அவருக்கும் நேரம் போவுதுங்களே!"

"அதத்தான் நாங்களும் சொல்றோம். நீங்க சொன்னா கேப்பாருன்னு பண்ணுனேன்."

"நான் எதுவும் சொன்னதில்லீங்க அவருகிட்ட."

பின்னால் அவர் குரல் கேட்டது. முப்பத்தொரு வருஷக் குரல். "வண்டி போயிருச்சின்னு கால வெக்காதீங்கடா! கேட்டு இன்னும் தொறக்கல பாரு! எதுக்கால இன்னொன்னு வருது!" யாரோ ஒரு பையன், "யோவ் பெருசு, வழிய வுடுய்யா! உனக்குத்தான் ஓட வக்கில்ல!" என்று கத்தினான். அப்புறம் எந்தக் குரலும் கேட்கவில்லை. என் காதுக்குள் ஒரு ரயில் ஓடியது. போன் அதிர்ந்தது. அது போய் முடிந்தபோது திட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"ஆயா," என்றது அந்தப் பெண். மேடம் போய்விட்டது. "ஒன்னுமில்ல ஆயா. வெச்சிடறேன்."

நான் ஊர் விசேஷத்துக்கே போகிறவள் இல்லை. அன்றைக்குப் புடவை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். எட்டு மணிக்கெல்லாம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். ஓடி வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மெடல் போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், பொங்கல் சாப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் பாட்டு. மகன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு கடிகாரத்துக்குக் கீழே நின்றார்.

ஒன்பதரை ஆனதும் மைக் பிடித்தவர் நன்றி சொன்னார். காற்றடைத்த பெரிய வளைவு ஒன்று வைத்திருந்தார்கள், அதன் மோட்டாரை நிறுத்தினார்கள். அது யாரையோ கும்பிடுவதுபோல் முன்னால் சாய்ந்து, மெதுவாகப் படுத்துவிட்டது. பொங்கல் அண்டாவையும் கழுவ எடுத்துப் போய்விட்டார்கள். கடைசி ஆட்களின் பின்னால் வரவேண்டிய வேன்கூட வந்துவிட்டது, காலியாக. அவரைக் காணவில்லை. போனும் அடிக்கவில்லை. கையில் அதை வைத்துக்கொண்டு, அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு வந்தார். தனியாக. மைதானத்துக்குள் திரும்பி, உலர்த்திய துணிபோல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மட்டும் மிச்சம் இருந்தது. அதன்முன் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தாண்டினார்.

மகன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "பதினெட்டு நிமிஷம் லேட்டுப்பா. பேசுனது பேசுனதுதான். வூட்டப் பூட்டிட்டுக் கெளம்பலாம்."

கேட்டுக்காரர் தன் சட்டையில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அதில் பேனாவால் எழுதியிருந்தது. முதல் தடவை கேட் சாத்தியது ஏழு ஒன்பது, திறந்தது ஏழு இருபத்தொன்று. இரண்டாம் தடவை சாத்தியது எட்டு முப்பது, திறந்தது எட்டு முப்பத்தொன்பது.

"இருவத்தொரு நிமிஷம். கழிச்சிக்க. மூணு நிமிஷம் முன்னாலயே வந்துட்டேன்."

"ஓட்டத்துல அதெல்லாம் கழிக்க மாட்டாங்கப்பா!"

"ரயில்வேல கழிப்பாங்க."

மகன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். "சரி, மொத தடவ நெசம். அந்தப் பொண்ணு சொல்லிச்சி. திரும்பி வரப்பவும் சாத்துனாங்கன்னு யாரு பாத்தா? பின்னால வேன் வந்திருக்கணுமே?"

"காலியா எதுக்குடா ஊர்ந்துக்கிட்டு வரேன்னு பச்ச காட்டி முன்னால அனுப்பிட்டேன்."

"நான் வேணா கேட்டுல போயி விசாரிச்சிட்டு வரட்டா?"

"போ. கேட்டு சாத்துன நேரம் எழுதற ரிஜிஸ்டர வெளியாளுக்குக் காட்டுனா அங்க இருக்கறவன் வேல போயிரும். காட்ட மாட்டான்."

மகன் சுற்றிப் பார்த்தார். மைதானத்தில் மிச்சம் இருந்தது நான்தான்.

"பெரிம்மா, நீங்க எப்பருந்து இங்க இருக்கீங்க?"

"எட்டுலருந்துப்பா."

"எட்டரைக்கு ரயில் சத்தம் கேட்டுச்சா?"

கேட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றைக் கட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"நல்லாக் கேட்டுச்சிப்பா," என்றேன். "நீளமான வண்டி."

அவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. மகன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "வாங்க, ரெண்டு பேரையும் வூட்டுல வுட்டுட்டுப் போறேன்," என்றார்.

இதில் விவரங்கள் தப்பாக இருக்கலாம். ரயில்வேயில் இருக்கும் வாசகர்கள் யாராவது சரிபார்த்தால் நல்லது. கேட்டுக்கும் மைதானத்துக்கும் ஏழு கிலோமீட்டர். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் வரும் என்பார்கள். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை, ஸ்பீக்கரில் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் அவர் ரிஜிஸ்டரில் ஒரு நிமிஷம் கூட்டியோ குறைத்தோ எழுதியவர் இல்லை. ஆகையால் அந்த எட்டரை மணி வண்டி வந்துதான் இருக்க வேண்டும். வந்தது என்று தெரிந்தால் இந்தப் பத்திரிகையிலேயே போடுங்கள், அவர் மகன் பார்க்கட்டும். வரவில்லை என்று தெரிந்தால் யாருக்கும் சொல்ல வேண்டாம். எனக்கும்கூட வேண்டாம்.