கழுத்தளவு வெந்நீரில் ஒரு கல்விக் கொள்கை

மனிதகுலத்தின் கல்வி வரலாற்றில் வெந்நீருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. ஐஸ்லாந்தின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊர் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது. ஊர் விவகாரம் எதுவானாலும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில், கழுத்தளவு முங்கி உட்கார்ந்து பேசுவதே அங்கே வழக்கம்.

தலைமையாசிரியர் இங்கிமுண்டுர் இரண்டு குளிர்காலமாக அந்தத் தொட்டியிலேயே 'கள ஆய்வு' நடத்தினார். குளிக்க வந்த தாய்மாரிடம் வயது என்ன, கல்யாணம் ஆயிற்றா, பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று கேட்டார். அவர் தோல்தான் சுருங்கியது, ஊக்கம் சுருங்கவில்லை. முடிவில் பேருண்மை வெளிவந்தது: முப்பது தாண்டிய, மணமான தாயின் பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை.

மீன் ஆலையில் வேலை பார்க்கும் ஹால்பெரா இரண்டிலும் தேறவில்லை.

"உன் ஸ்வாலா கணக்குல சைபர். இனிமே மெதுவான பிரிவுதான். காகிதம் வெட்டி ஒட்டட்டும்" என்றார் அவர்.

கப்பல் இன்ஜின் செய்யப் போவதாகச் சொல்லித் திரியும் மகள் அவள். ஹால்பெராவுக்கு அந்த வெந்நீரிலும் குளிரெடுத்தது.

"நான் என்ன செய்யணும்?"

"வயசைக் கொஞ்சம் ஏத்திக்கயேன்."

"வருஷத்துக்கு ஒண்ணுதான் ஏறுது!"

"மெத்தனம். சரி, கல்யாணமாவது பண்ணிக்கோ. ஆர்ன்கெல் இருக்கானே?"

"அவன்கூட ஒன்பது வருஷமாத்தான் குடும்பம் நடத்தறேன். அதுக்குள்ள கல்யாணமா?"

பிள்ளை, வீடு, கார், இன்னொரு பிள்ளை, கடைசியில் கல்யாணம் என்பதே அவ்வூர்க் கண்ணியம். வரிசை மாறினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

ஆர்ன்கெல் வெலவெலத்துப் போனான். "கல்யாணமா? ஏன்டி, நமக்குள்ள ஏதாவது சரியில்லையா?"

"எனக்காக இல்லடா. அவ கணக்குக்காக."

சனிக்கிழமை தேவாலயத்தில் மணம் முடிந்தது. ஸ்வாலாவே அம்மாவுக்கு முன்னால் பூத்தூவி நடந்தாள். ஊரே க்ரீம் கேக் தின்றது.

திங்கட்கிழமை பரீட்சை வைத்தார்கள். ஸ்வாலாவுக்கு மறுபடியும் சைபர். மேயரம்மா மகனுக்கும் சைபர். அந்த அம்மாவுக்கோ வயது நாற்பது, கல்யாணமும் இரண்டு முறை.

ஹால்பெராவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மகளை இழுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். நீராவிக்குள் ஒரு தலை மட்டும் தெரிந்தது.

"பொறுமை வேணும் ஹால்பெரா," என்றது தலை. "கல்யாணம் ஊறணும். உடனே பலன் தெரியாது."

ஸ்வாலா குனிந்து அந்தத் தலையை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, நீதான் கல்யாணம் பண்ணிக்கிட்டியே. இங்கிமுண்டுர் எப்ப தண்ணியை விட்டு வெளியே வருவாரு? எங்க கணக்கு வாத்தியார் அவருதானே?"