பேண்டேஜ் கம்பெனியில் ஓர் அட்டை

அட்டைப்பூச்சிக்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் இந்த வயதில் இதை நிதானமாகச் சொல்ல முடிகிறது. அட்டை கடித்தால் ரத்தம் ஏன் உறையாமல் ஓடுகிறது என்று ஆராய, பிஎச்.டி.க்குப் பதிவு செய்த காலத்தில், இதைத் தெரிந்துகொள்ள உலகமே துடிக்கிறது என்று நம்பினேன்.

உலகம் துடிக்கவில்லை. மத்திய அரசின் ஃபெல்லோஷிப் தேர்வில் கொஞ்சத்தில் தவறினேன். மாநில அரசின் உதவித்தொகையும் வரவில்லை. என் கைடின் புராஜெக்டில் இருந்த ஒரே இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "உள்ளூர்க் கம்பெனி எதையாவது கேட்டுப் பாரும்மா" என்றார் கைடு. அப்பாவோ என்னை வங்கித் தேர்வு கோச்சிங்கில் சேர்க்க மதுரையில் இடமே பார்த்துவிட்டார்.

என் தாய்மாமா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். "அட்டை ஆராய்ச்சின்னு சொன்னேன். மொதலாளி ஒடனே வரச் சொல்லிட்டாவ. சாம்பிளக் கொண்டாந்துரு" என்றார்.

மலையடிவாரத்தில் பிடித்த அட்டைகளை ஈரப் பாசியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். உள்ளே காற்றுப் போகட்டும் என்று, மாமா எப்போதோ வீட்டில் போட்டுப்போன பேண்டேஜ் துணியை அதன் வாயில் கட்டியிருந்தேன். (என் வாயிலும் கட்டியிருக்கலாம்.)

முதலாளி வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, கேரளாவிலிருந்து துணி வாங்க வந்திருந்த வியாபாரி.

"வாம்மா. எங்க பெட்டியெல்லாம் மழைல நனைஞ்சு கிழியுது. நனையாத அட்டை எதும் வச்சிருக்கியா?" என்றார் முதலாளி.

அவர் அட்டைப்பெட்டியைச் சொல்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. "நனைஞ்சாத்தான் சார் அது உயிரோட இருக்கும்" என்றேன்.

முதலாளி மாமாவைப் பார்த்தார். மாமா ஃபேனைப் பார்த்தார்.

டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, அட்டையின் எச்சிலிலிருந்து ஆரம்பித்தேன். முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார். முடிவில், "ஏம்மா, ரத்தத்த நிப்பாட்டுறது எங்க தொழிலு. அத நிக்காம ஓட வைக்கதுக்கு நானே பணம் தரணுமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வியாபாரி மெதுவாக, "சாரே, காலில் ரத்தம்" என்றார்.

பேண்டேஜ் துணியின் இடுக்கில் அட்டை நுழைந்து வெளியேறும் என்பது, அட்டையில் ஆராய்ச்சி செய்பவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியேறி, முதலாளியின் கணுக்காலில் ஏறி, வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கீழே திராட்சைபோல உருண்டு கிடந்தது. (என் விளக்கம் அவ்வளவு நீளம்.)

"இதேதான் சார் என் ஆராய்ச்சி. வலியே தெரிஞ்சிருக்காதே?" என்றேன் உற்சாகமாக.

மாமா ஓடிப்போய்த் துணி கொண்டுவந்து சுற்றினார். சிவந்தது. அதன்மேல் இன்னொன்று சுற்றினார். அதுவும் சிவந்தது.

"எப்பம்மா நிக்கும்?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

"செத்த நேரத்துல சார்."

அவர் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்திருக்க வேண்டும். கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அப்பா பார்த்த கோச்சிங் சென்டர் என் கண்ணில் தெரிந்தது.

வியாபாரி மட்டும் குனிந்து, கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். "இத்தனை ரத்தம் இழுத்தும் ஒரு துளி தரையில் இல்லை. நல்ல துணி" என்று சொல்லி, கேட்க வந்ததைப்போல் இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்தார்.

அடுத்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். முகத்தில் களை இல்லை. "மொதலாளி மாசாமாசம் ஒனக்குப் பணம் தாராவளாம். ஆர்டர்காரவுக வாரப்பல்லாம் நீ டப்பாவோட வந்துரணுமாம்."

"யார் கால்ல விடுறது மாமா?"

மாமா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பிஎச்.டி. முடியும்வரை அந்தக் கால்தான் எனக்கு ஃபெல்லோஷிப். இன்றும் கல்யாண வீட்டில் யாராவது என்னை டாக்டர் என்று அறிமுகப்படுத்தினால், மாமா வேட்டியைத் தூக்கித் தழும்புகளைக் காட்டி, "முக்காவாசி டாக்டர் இங்கன இருக்கு" என்கிறார்.