ஸ்டெப்னி அண்ணனும் இரண்டு சைக்கிள்களும்

பஞ்சருக்கு இவ்வளவு பயந்த மனிதர் தமிழ்நாட்டில் இன்னொருவர் பிறக்கவில்லை. ஓசூரில் நான் குடியிருந்த லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரர், ஊத்தங்கரைக்காரர். சொந்தப் பெயர் ஆதார் அட்டையோடு சரி. எங்களுக்கு அவர் ஸ்டெப்னி அண்ணன்.

காரணம், அவரிடம் இரண்டு சைக்கிள். ஒன்று வேலைக்குப் போக. மற்றது, முதலாவது வழியில் படுத்துவிட்டால் போக. அந்த இரண்டாவதை யாரும் தொடக்கூடாது. அது வாசலில் நின்று எதையோ யோசித்துக்கொண்டே இருக்கும்.

"ஒரு ஆளுக்கு எதுக்குண்ணா ரெண்டு?" என்பேன்.

"பஞ்சர் என்னா, போன் பண்ணிட்டா வரும்?"

கனவிலும் சைக்கிள்தான். "நேத்து மேகத்து மேல போனன்டா. பஞ்சு மாதிரி ரோடு. ஆனா ஸ்டெப்னிய எடுத்துட்டுப் போவல, மனசே சரியில்ல" என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சோர்ந்து கிடந்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷ காண்ட்ராக்ட். ஒரு நாள்கூட லேட் இல்லாமல் முடித்தால் பெர்மனெண்ட் என்று தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள்.

கடைசி நாள் வந்தது. மார்கழிப் பனி. விடியற்காலை ஐந்து மணிக்கு என் கதவைத் தட்டினார்.

"சாவி தண்ணித் தொட்டியில வுழுந்துடுச்சிடா!"

திருடனுக்குப் பயந்து இரண்டு சைக்கிளையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, பார் கம்பிகளை லாரிச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டுவது அவர் வழக்கம்.

"ஸ்பேர் சாவி?"

"அதே வளையத்துலதான் இக்குது. ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டும்னு..."

சிரிக்க நேரமில்லை. ஆறு மணி ஷிப்ட், ஆறு கிலோமீட்டர். தொட்டி ஆள் உயரத்துக்கு நிரம்பியிருந்தது. ஆட்டோ இல்லை. என்னிடம் வண்டி கிடையாது. அன்று எனக்கு வார விடுமுறை வேறு. ஆனால் சக்கரங்கள் நான்கும் உருண்டன! அந்த வயதில் எனக்குத் தோன்றுவதெல்லாம் நல்ல யோசனைதான்.

"ஆளுக்கொண்ணுல ஏறுவோம்ணா!"

இரண்டு முறை விழுந்தோம். மூன்றாம் முறை, "லெப்ட்டு... ரைட்டு..." என்று அவர் சொல்லச் சொல்ல நான்கு கால்களும் ஒன்றாக மிதித்தன. அப்புறம் சாலையே காணாமல் போனது. ரோஜாப் பண்ணைகளின் பாலித்தீன் கூடாரங்கள் உள்ளே விளக்கெரிய மிதந்து வந்தன, மிதந்து போயின. தைல மரங்கள் பாதி உயரத்தில் முடிந்துவிட்டன. எங்கள் நடுவே சங்கிலி மட்டும் மெல்லக் கலகலத்தது. நாங்கள் போகிறோமா, பனி எங்களைத் தாண்டிப் போகிறதா தெரியவில்லை.

எதிரே வந்த பால்காரர் கன்னடத்தில், "ஏன் சுவாமி, மதுவே மெரவணிகேனா?" என்று கேட்டார். கல்யாண ஊர்வலமாம்!

"நவுருங்க, நவுருங்க! பெர்மனெண்ட்டு!" என்று கத்தினார் அண்ணன்.

கேட்டை அடையும்போது ஆறுக்கு இரண்டு நிமிடம். அவர் குதித்து ஓடினார். இரண்டு சைக்கிளையும் தாங்கிக்கொண்டு நான் வெளியே நின்றேன். விரலை ஏற்றுக்கொண்ட வருகைப்பதிவு இயந்திரம் 'பீப்' என்றது. ஜெயித்துவிட்டார்!

உள்ளே போகாமல் மறுபடி கேட்டுக்கு வந்தார். மீசையெல்லாம் பனித்துளி.

"கால் வலிக்குதாடா?"

வலித்தது. "இல்லண்ணா" என்றேன். இப்படியே இன்னும் எவ்வளவோ தள்ளியிருக்கும் கெலமங்கலம் வரை மிதிக்கச் சொல்லியிருந்தாலும் மிதித்திருப்பேன்.