பன்னீர் பொம்மையின் போர்டும் என் சால்டரும்

சுங்கை பினாங்,
26.6.1996

வருங்கால இன்ஜினியர், மதிப்புக்குரிய தனபாலன் அண்ணன் அவர்களுக்கு,

தங்கை ஜெயலெட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். பன்னீர் பொம்மையும் சுகம். சுகமில்லாதவர் மாப்பிள்ளையின் தாய்மாமா வேலு ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்திலிருந்து தும்மிக்கொண்டே இருக்கிறாராம். ஸ்கூடாயில் ஹாஸ்டல் சாப்பாடும் தேர்வும் உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று நீங்கள் அப்பாவிடம் போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "போர்டு டிசைன் பெர்ஃபெக்ட்பா. ஜெயா சால்டர்தான் சரியில்ல" என்றீர்கள். எவ்வளவு அடக்கமான பேச்சு! அப்பா போனை வைத்தார். பெக்டரியில் எனக்குக் கொடுத்திருந்த டெக்னீஷியன் வகுப்பு விண்ணப்பத்தை மடித்து, டிவி மேலிருக்கும் பூஜாடிக்கு அடியில் சொருகினார். "சால்டரே ஒழுங்கா வரலியாம். இதுல டெக்னீஷியன் கிளாஸ் வேறயாலா? அண்ணன் படிச்சவன், அவன் சொல்லட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். எனக்குப் பதினேழு வயது. அப்பா கையெழுத்துப் போடாமல் சேர முடியாது. ஜூலை ஐந்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே சிப்பின் எட்டுக் காலை ஈயம் உருக்கிச் சால்டர் செய்துகொண்டிருப்பேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது, அது உங்களுக்கே தெரியும். பேனாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

வடிவம்மாள் அத்தை மகள் கல்யாணத்துக்கு, "வாசல்ல பன்னீர் தெளிக்க ஆளே வேணாம் அத்தை, பொம்மையே தெளிக்கும்" என்று வாக்குக் கொடுத்தது நீங்கள். கொடுத்த கையோடு பஸ் ஏறியதும் நீங்கள். பிறகு ஒரு பார்சல் வந்தது. அதில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப், போர்டின் கோடுகளை அச்சடித்த ஒரு பிலிம், "மிச்சம் ஈசி" என்று ஒரு சீட்டு. அந்த மிச்சம் என்னவென்று கேளுங்கள். சூலியா தெருவில் சீனி முகம்மது கடையில் பழைய கேசட் ரேடியோவின் மோட்டாரைத் தேடி வாங்குவது. பொம்மையின் தோளைக் குடைந்து பற்சக்கரம் பூட்டுவது. பிலிமைச் செம்புத் தகட்டின் மேல் ஒட்டி வெயிலில் காட்டுவது. அம்மா தோசை மாவு கரைக்கும் பேசினில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வேண்டாத செம்பை அரிக்க விடுவது. பேசின் ஏன் ஆரஞ்சு நிறமானது என்று அம்மாவுக்குப் பதில் சொல்வது. நூற்றுப் பதினாறு துளை போடுவது. ரொம்ப ஈசி அண்ணே.

துளை போட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன். உங்கள் பெர்ஃபெக்ட் டிசைன் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிக் கிடந்தது. சிப்பின் இடது கால் போகவேண்டிய இடத்துக்கு வலது கால் போகிறது. யுனிவர்சிட்டியில் இடது கை, வலது கையெல்லாம் எத்தனையாவது வருஷத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்? நான் பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு நின்றவள், எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தகடு கையில் இல்லாததால், சிப்பை வழக்கம்போல் செம்பில்லாத பக்கத்தில் வைக்காமல், செம்பு இருக்கிற பக்கத்திலேயே வைத்து நாற்பது காலையும் சால்டர் செய்தேன். செம்பும் கால்களும் மேலே தெரியும்படி போர்டு மல்லாந்து கிடந்தது. பார்க்க நன்றாக இல்லை, ஆனால் உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். வாசல் மிதியடியில் யாராவது கால் வைத்தால், பொம்மை கையைத் தூக்கிப் பன்னீர்ச் செம்பை இரண்டு தடவை உதறிவிட்டு இறக்க வேண்டும். பொம்மையோ கையைக் கால்வாசி தூக்கும், வெடுக்கென்று நிற்கும், மறுபடி தூக்கும். அத்தை அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மன் வந்துருச்சுலா, யாராச்சும் வேப்பிலை கொண்டாங்க" என்றார். உங்களுக்குப் போன் செய்தேன். "சாஃப்ட்வேர்ல ஒன்னுமில்ல. சால்டரப் பாரு" என்று வைத்துவிட்டீர்கள். நாற்பது காலையும் மறுபடி சூடு காட்டினேன். அம்மன் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை ஷிப்டில் எங்கள் லைன் லீடர், மலாய்க்கார அக்கா, காக் காமாரியாவிடம் போர்டைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரி காசி லாயின்லா, ஜெயா" என்றார். மோட்டாருக்கு வேறு பேட்டரி கொடு, அவ்வளவுதான். மோட்டார் கிளம்பும்போது கரண்டை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடுகிறது; அதே பேட்டரியில் இருக்கும் சிப்புக்கு மயக்கம் வந்து, தெளிந்து, "கையைத் தூக்கு" என்று சாஃப்ட்வேரின் முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. அப்பாவின் டார்ச்லைட்டில் இருந்த பேட்டரிகளை எடுத்து மோட்டாருக்குத் தனியாகக் கொடுத்தேன். மோட்டாருக்குக் குறுக்கே, நீங்கள் வைக்க மறந்த, திரும்பி அடிக்கும் கரண்டைத் தடுக்கும் டையோடு ஒன்றையும் வைத்தேன். பொம்மை மகாராணி மாதிரி கையைத் தூக்கி இறக்கியது. இதெல்லாம் சால்டர் கோளாறு என்று ஸ்கூடாயிலிருந்தே கண்டுபிடித்தீர்களே, என்ன கண் அண்ணே உங்களுக்கு!

ஞாயிறு காலை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அத்தை வந்து, "புது மிஷினு, பொட்டு வைக்காம ஓட்டலாமா?" என்று போர்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து, குழைத்த சந்தனத்தைச் சிப்பின் மேல் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலு மாமா மிதியடியில் கால் வைத்தார். ஈரச் சந்தனம் கால்களுக்கு நடுவில் பாலம் போட்டிருந்ததால் பொம்மை நிறுத்தவே இல்லை. அவரும் மரியாதைக்கு நகராமல் கைகூப்பியபடியே நின்றார். பதினோரு உதறல். அன்று காலைதான் மீசைக்கு மை போட்டிருக்கிறார். அது வெள்ளை ஜிப்பாவில் இறங்கியது. "டேய், யார்டா பின்னாடி? வெளிய வாடா!" என்று கத்தினார். பின்னாடி, பொம்மை நின்ற மேஜையின் துணிக்குள் இருந்தது டா இல்லை, டி. வெளியே வர வெட்கப்பட்டு, அங்கேயே தாவணி முனையால் சந்தனத்தைத் துடைத்து, காய ஊதி, ஓட்டிவிட்டேன். அதன் பிறகு முந்நூறு பேருக்கு இரண்டிரண்டு உதறல், ஒன்று கூடவில்லை, குறையவில்லை. அப்பா மைக்கைப் பிடித்து, "இது என் மகன் யுனிவர்சிட்டியில படிச்சு செஞ்சது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மேஜைக்கு அடியில் நானும் தட்டினேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பிலிமில் போர்டின் படம் தலைகீழாக இருந்ததும், ஒரே பேட்டரியில் இரண்டையும் ஓட்டச் சொன்னதும் உங்கள் தவறு, சால்டரில் ஒரு குறையும் இல்லை என்று அப்பாவுக்கு உங்கள் கைப்பட எழுதுங்கள். நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. நீங்கள் எழுதினால் பூஜாடி நகரும். எழுதாவிட்டால், அடுத்த முறை நீங்கள் அனுப்பும் பிலிமில் அம்மா வடகம் காயப் போடுவார்.

அம்மா உங்களை நன்றாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். பெரிய இன்ஜினியராகி நாலு பேருக்குப் பன்னீர் தெளிக்க மாரியம்மன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சால்டர் சரியில்லாத தங்கை,
ப. ஜெயலெட்சுமி

பி.கு.: ஆதாரத்துக்கு உங்கள் பிலிமையும் இதோடு வைக்கலாம் என்று இப்போது எடுத்தேன். தகட்டில் ஒட்டுவதற்கு நான் அவசரமாகப் போட்ட மாஸ்கிங் டேப் மூலையில் அப்படியே இருந்தது. உரித்தால், அடியில் உங்கள் கையெழுத்து, இடம் வலம் மாறி. பிலிமைத் திருப்பிப் பிடித்தேன். "ஜெயா, இந்த எழுத்து நேராகத் தெரியும் பக்கம்தான் மேலே வர வேண்டும். மாற்றி வைத்துவிடாதே" என்று இருந்தது. மாற்றித்தான் வைத்திருக்கிறேன். நான் மாற்றி வைக்காவிட்டால் செம்பு அடியில் இருந்திருக்கும். அத்தையின் சந்தனம் வெறும் பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்திருக்கும். வேலு மாமாவின் மீசை மீசையாகவே இருந்திருக்கும். ஒரே பேட்டரியும் மறந்துபோன டையோடும் மட்டும் உங்கள் தவறுகள், அவற்றை நான் விடுவதாக இல்லை. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, தபாலாபீஸ் மூடிவிடும். அண்ணே, அப்பாவுக்குக் கட்டாயம் எழுதுங்கள். தலைகீழான போர்டையும் ஓட வைத்தாள் என்று எழுதினால் போதும், யார் தலைகீழாக்கியது என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? பிலிமை இதோடு அனுப்பவில்லை. அது எங்கேயோ தொலைந்துவிட்டது.