வியர்த்த பேய்

2019 மார்ச் 10, ஞாயிறு. காலை 5.40க்கு எழுந்தேன். கோழிகளுக்குத் தீனி, மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய், பகாவ் டவுன் பசாரில் காய்கறி. 11 மணிக்கு என் மகள் மாலதியைப் பெண் கேட்டுத் தம்பின் ஊரிலிருந்து வந்தார்கள்: பையனும் அவன் அம்மாவும். (நீலாய் டவுனில் வேலை பார்க்கும் மாலதியும் பையனும் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். நான் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.)

ஒப்புக்கொள்கிறேன், எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அந்த அம்மாவை எங்கோ பார்த்திருந்தேன்.

"நம்ம எஸ்டேட்டுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"ஒரு தடவை வந்திருக்கேன் அண்ணே" என்று குனிந்து தேநீர் குடித்தார்.

எதற்கு வந்தார்? வேறு வீட்டில் பெண் பார்க்கவா? வாயைப் பிடுங்க சினிமாவில் தொடங்கினேன்.

"மாயம், பேய்னே படம் எடுக்கிறாரே நம்ம ஊர் டைரக்டர், அவர் படம் பார்ப்பீங்களா?"

அந்த அம்மாவின் கை கோப்பையோடு நின்றது. ஆகா, ஏதோ இருக்கிறது! பார்த்த படங்களின் குறைகளை எழுதிவைக்கும் என் விமர்சன நோட்டை எடுத்தேன்.

"அப்பா, நோட்டு வேணாம்லா" என்றாள் மாலதி.

வாசித்தேன். "முதல் படம்: ராட்சசனைக் காட்டும்வரை பயம், காட்டியபின் சிரிப்பு. இரண்டாவது: பறக்கும் குதிரைக்கு நிழலே இல்லை. மூன்றாவது, நம் எஸ்டேட்டின் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் எடுத்தது: 52ஆம் நிமிடத்தில் தாய்ப் பேயின் நெற்றியில் வியர்வை. நடையோ செம்பனைக் குலை தூக்கும் ஆளின் நடை. பத்துக்கு இரண்டு."

பையன் இருமினான். அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, பட்டப்பகல்ல கம்பளி போர்த்தி செம்பனைக்கு நடுவுல நிக்க வச்சா பேய்க்கும் வேர்க்கும்லா."

முகம் பிடிபட்டது: அந்தப் பேயே இவர்தான். (படத்தில் பவுடர் அப்பியிருந்தது.)

"வேர்வையைப் பார்த்தீங்க. பேயைக் கண்டு ஓடாம, 'அம்மா, சாப்பிட்டியா?'ன்னு மகளா வர்ற பொண்ணு கேக்குதே, அதைப் பார்த்தீங்களா? படமே அதுதான்."

பார்க்கவில்லை. அந்த நேரம் குனிந்து வியர்வையைக் குறித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"நோட்டை மூடி வச்சுட்டு மறுபடி பாருங்க. அப்புறம் கல்யாணத் தேதி குறிக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

இன்று அவர் என் சம்பந்தி. எந்த விருந்திலும் மருமகன் மறக்காமல் சொல்வான்: "ஃபேனை அம்மா பக்கம் திருப்புங்க. வேர்த்தா மாமா எழுதிடுவாரு."

அவர்கள் வந்துபோன மறுநாள் 5.40க்கு எழுந்ததும், கோழிகளைக்கூடத் திறந்துவிடாமல், அந்தப் பேய்ப் படத்தைப் போட்டேன். 52ஆம் நிமிடம் வந்தது; "அம்மா, சாப்பிட்டியா?" என்றாள் அந்தப் பெண். பேனா தேவைப்படவில்லை. துண்டுதான் தேவைப்பட்டது.

அறை வாசலில் மாலதி நின்றிருந்தாள்.

"என்னப்பா, வேர்க்குதா?"

"ஆமாம்" என்றேன்.